சுடுதண்ணி மெஸ்

“வீட்டில் யாருக்காவது பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” என்று டாக்டர் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, அவள் மூச்சைத் திரட்டிக்கொள்ளும்வரை டாக்டர் காத்திருந்தார். “பீடி குடிக்கிற ஆளு எங்க வூட்ல யாரும் இல்ல டாக்டர். நான்தான் இருவது வருஷமா அடுப்பு குடிச்சிகினு இருக்கேன்” என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். அத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தொழில் என்ன என்று அந்த டாக்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டிருப்பார்.

நெருப்பு மூட்டாமல் தண்ணீரைச் சுட வைக்கும் இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஹீட் பம்ப் என்பார்கள். ஃப்ரிஜ்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுமே, அதே சங்கதிதான். உள்ளே இருக்கிற பொருளின் சூட்டை உறிஞ்சி வெளியே கொட்டுகிறது ஃப்ரிஜ். எங்கள் இயந்திரம் ஒரு தொட்டித் தண்ணீரின் சூட்டை எடுத்து இன்னொரு தொட்டித் தண்ணீருக்குக் கொடுக்கும். அது குளிர்ந்துகொண்டே போகும், இது சுட்டுக்கொண்டே வரும். இரண்டுக்கும் நடுவே சூட்டைச் சுமந்து ஓடும் கூலியாள் ஒரு வாயு. நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனி அதற்குக் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறது. சோடா பாட்டிலில் பொங்குவதும், விறகு எரிந்தால் வருவதும், நாம் மூச்சு விடும்போது வெளியே போவதும் அதுதான். அதைக் கெட்டியான குழாய்களுக்குள் பெரும் அழுத்தத்தில் அடைத்து ஓடவிட்டால், பச்சைத் தண்ணீர் ஒரே சுற்றில் கை வைக்க முடியாத வெந்நீராக வெளியே வரும். பன்னிரண்டு வருடங்களாக மலைமேல் ஹோட்டல்களுக்கும், பால் பண்ணைகளுக்கும், நீச்சல் குளம் வைத்த பள்ளிகளுக்கும் இதைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருடங்களும் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் என் அக்கா விறகடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவர். அனல் மின் நிலையத்தில் பெர்மனென்ட் வேலை. நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். நேர்கோடாகப் போகும் சாலைகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாமரம், ஷிப்டுக்கு ஷிப்ட் ஊதும் சங்கு, அதற்கேற்ப வைக்கப்படும் சாப்பாடு. பக்கத்து வீட்டார் சேலம், எதிர் வீட்டார் மதுரை. எல்லோருடைய பேச்சும் ஒன்றில் ஒன்று கரைந்து எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழாக ஆகியிருந்தது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பி.காம். படித்துவிட்டு வடலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனவள், தினமும் அதே பேருந்தில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக ஒருநாள் வந்து சொன்னாள். அவர் வடக்குத்துக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அப்பாவுக்குச் சாதிகூட இரண்டாவது விஷயமாகத்தான் இருந்தது. “கான்ட்ராக்டா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து வடக்குத்து சைக்கிளில் போகிற தூரம். அந்தத் தூரத்தை அப்பா கடைசிவரை கடக்கவில்லை. ஓய்வு பெற்றதும் அவரும் அம்மாவும் ஊருக்கே போய்விட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக அங்கேயே காலமானார்கள். அம்மா மட்டும் போனில் பேசுவாள். “அவ பேச்சே மாறிப்போச்சுடா, வூடுங்கா, வந்துகினுங்கா” என்று என்னிடம் அழுவாள். பேச்சு மாறியதற்குத்தான் அழுகிறாள் என்று அப்போது நானும் நம்பினேன்.

மெஸ் ஆரம்பித்த கதையை அக்கா எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வாள். கல்யாணமான புதிதில் அத்தான் ஷிப்ட் முடிந்து வரும்போது கண்களைத் தவிர உடம்பில் தோல் தெரியாதாம். பழுப்பு நிலக்கரித் தூளும் பெல்ட் உருளைகளின் கிரீஸும் ஒன்றாகக் குழைந்து அப்பியிருக்கும். பச்சைத் தண்ணீரில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எனவே கொல்லையில் மூன்று கல் வைத்து ஒரு தவலை வெந்நீர் போட ஆரம்பித்தாள். ஒருநாள் அத்தானோடு வேலை செய்த இருவர் வந்தார்கள். தூரத்து ஊர்க்காரர்கள், அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாளி. குளித்துவிட்டு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் ஐந்து பேர். இரண்டு வருடத்தில் கொட்டகை போட்டு, பெஞ்சு போட்டு, அது மெஸ் ஆயிற்று. அவள் வைத்த பெயர் ஒன்று பலகையில் இருந்தது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ‘சுடுதண்ணி மெஸ்’ என்றால்தான் தெரியும். குளித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காரவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். தூளோடு யாராவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், “எழுந்திருங்கண்ணே, மொதல்ல பின்னால போயி மனுஷனா வாங்க” என்று கரண்டியால் வழிகாட்டுவாள்.

குழம்பும் பொரியலும் கேஸ் அடுப்பில். சோறும் வெந்நீரும் விறகில். அந்தப் பக்கம் முந்திரித் தோப்புகள் அதிகம் என்பதால் முந்திரி விறகு சுலபமாகக் கிடைக்கும். மழைக் காலத்தில் அது பற்றாமல் முரண்டு பிடித்து, கண்ணைத் திறக்கவிடாத ஒரு புகையைக் கக்கும். கொட்டகையின் பின்பக்கம் தாழ்வாரம் போட்ட இடத்தில் நாலு பெரிய அண்டாக்கள் வரிசையாக இருக்கும். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வருகிற நேரத்தில் நாலு அண்டாவும் ஆவி விட வேண்டும். அக்காவோடு முதல் நாளிலிருந்து வேலை பார்த்த ஓர் அம்மா இருந்தார். அத்தானுக்குத் தூரத்து உறவு. அக்கா அவரைப் பெரியம்மா என்பாள். பாத்திரம் பெரியம்மாவுடையது, அடுப்பு அக்காவுடையது. வேறு யார் ஊதினாலும் புகைதான் வருகிறது, தான் ஊதினால்தான் தீ வருகிறது என்று அவளுக்கு ஒரு பெருமை. குனிந்து, ஒரு கண்ணை இடுக்கி, நீளமாக ஊதிவிட்டு முகத்தைத் திருப்பி இருமுவாள். அந்த இருமலை நாங்கள் யாரும் இருமலாகவே கணக்கில் எடுத்ததில்லை.

ஒரு பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அவள் அண்டாவை இறக்கும் இடத்தில் நின்று, என் வேலையைப் பற்றி முதல் முறையாக விவரமாகக் கேட்டாள். நானும் உற்சாகமாகச் சொன்னேன். வெந்நீர் வருகிற அதே நேரத்தில் இன்னொரு குழாயில் ஜில்லென்று குடிதண்ணீர் வரும், சித்திரை வெயிலில் சுரங்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஐஸ் கட்டி வாங்கிப் பானையில் போடவேண்டியதில்லை என்றேன். அவள் கையில் இருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒரே மிஷின்லயா? இந்தாண்ட சுடுதண்ணி, அந்தாண்ட ஜில் தண்ணியா?” என்றாள். ஆமாம் என்றேன். “பொக வராதா?” என்றாள். வராது என்றேன். அண்டாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு ஒண்ணு கொண்டாந்து வெய்டா” என்றாள். என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கம்பெனியில் காட்சிக்கு வைத்திருந்த ஓர் இயந்திரம் சும்மா நின்றது. முதலாளி நல்லவர். இம்மாதிரி ஓர் இடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றால் மறுக்கமாட்டார். “சித்திரைக்குள்ள கொண்டுவந்துடுறேன்க்கா” என்றேன். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். மூணு பேஸ் கரண்டும், நிற்க ஒரு கான்கிரீட் மேடையும் என்றேன். அளவு சொல்லச் சொன்னாள். முந்திரி விறகின் கரிக்கட்டியால் சுவரில் எழுதிக்காட்டினேன்.

அடுத்த மாதமே மேடை கட்டிவிட்டாள். கரண்ட் இணைப்பும் வந்துவிட்டது. அத்தான் போட்டோ எடுத்து அனுப்பினார். ஈரம் காயாத மேடைக்குப் பக்கத்தில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். எனக்கு அந்தச் சித்திரையில் ஊட்டியில் ஒரு பெரிய ஹோட்டல் வேலை வந்தது. அது முடிவதற்குள் பால் பண்ணை ஒன்று. பிறகு மழைக்காலம், பிறகு என் மகனின் பள்ளி, பிறகு வேறு ஏதோ. முதலாளியிடம் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். வேறு பேச்சு வந்து அது பின்னால் போய்விடும். வேண்டாம் என்று நினைத்த நாள் ஒன்றுகூட இல்லை. நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்த நாட்கள் எழுநூறுக்கு மேல். அக்கா நேராகக் கேட்கமாட்டாள். “மேடையில பெரியம்மா வடாம் காய வெச்சிருக்காங்க. உன் மிஷின் வந்தா எடுத்துடச் சொல்றேன்” என்பாள். நான் சிரிப்பேன். மெஸ்ஸுக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் தம்பி மிஷின் கொண்டுவரப்போகிறான் என்று சொல்லி வைத்திருந்தாள் என்பதும், அவர்கள் அவளைக் கேலி செய்ய ஆரம்பித்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திவிட்டார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது.

இரண்டாவது வருட முடிவில் ஒரு மதியம் அத்தான் போன் செய்தார். அண்டாத் தண்ணீரை வாளியில் மொண்டு தூக்கியவள் நாலு அடி நடந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். உதடு நீலமாகிவிட்டதாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும் டாக்டர் அவளை ஒரு குழாயில் முடிந்தமட்டும் ஊதச் சொன்னார். இருபது வருடம் அடுப்பை ஊதியவள் அந்தச் சின்னக் குழாயை ஊத முடியாமல் மூன்று முறை தோற்றாள். “ஊதுறதுல என்னைய மிஞ்ச ஆள் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்று அத்தானைப் பார்த்துச் சொன்னாள். பீடி பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வந்ததுதான். நுரையீரல் இனி பழைய நிலைக்குத் திரும்பாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், முதலில் புகையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுக்கிற அதே சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “எடுத்துக்கிட்டுப் போப்பா. இதுக்கா இத்தனை நாள் யோசிச்சே?” என்றார். மூன்று வாரங்களில் இயந்திரம் மேடை ஏறியது. லாரியில் ஏற்ற ஒரு நாள், இறக்கி நிறுத்த ஒரு நாள், குழாய் இணைக்க நாலு நாள், ஓட்டிப் பார்க்க இரண்டு நாள். மீதி நாட்களெல்லாம் தொட்டி வருவதற்காகக் காத்திருந்தவை. இதைத்தான் நான் இரண்டு வருடம் செய்யாமல் இருந்தேன். ஒரு வேலை கடினமாக இருந்து, அதனால் தாமதமாகியிருந்தால் மனது ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். அதற்குக்கூட இடமில்லாமல் போயிற்று.

முதல் நாள் யாரும் நம்பவில்லை. பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, மேலே காற்றின் சூட்டையும் இழுத்துக்கொள்ள ஒரு விசிறி, உள்ளே தேனீக்கூட்டைப் போல ஒரு ரீங்காரம். அவ்வளவுதான். பெரியம்மா அதன் நாலு பக்கமும் சுற்றி வந்து, “எங்கடா தம்பி எரியுது?” என்று கேட்டார். எரியவில்லை என்றேன். “எரியாத எப்பிடிச் சுடும்?” என்று விடாமல் கேட்டவர், குழாயைத் திறந்து கையை நீட்டினார். “ஐயோ” என்று அலறிக் கையை உதறினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கைகொட்டிச் சிரித்தாள். இன்னொரு பக்கம் குடிதண்ணீர்த் தொட்டியின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வரிசையாகக் குளித்தார்கள். முதல் முறையாக, யாரும் இன்னொரு வாளி கேட்கத் தயங்கவில்லை. கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி ஓடி, கடைசியில் வெள்ளைத் தண்ணீராக ஓடியது. அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இயந்திரத்து வெந்நீரையே உலையிலும் ஊற்றியதால் சோற்றுக்கும் பாதி விறகுதான் செலவாயிற்று. ஒரு மாதத்துக்குள் அத்தான் சோற்றையும் கேஸுக்கு மாற்றிவிட்டார். தாழ்வாரத்தின் கூரை மட்டும் தார் பூசியதுபோலக் கறுப்பாகவே இருந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கறுப்பு மறுபடி எழுந்து வந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தாள். மூக்கில் குழாயோடு, பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு, மெஸ்ஸின் வாசற்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கரண்டிக்குப் பதில் ஒரு விசிறி மட்டையால் ஆட்களைக் குளிக்க அனுப்புவாள். நான் மாதம் ஒருமுறை போக ஆரம்பித்தேன். சர்வீஸ் என்பது ஒரு சாக்கு. அந்த இயந்திரம் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒருமுறை போனபோது அவள் பட்டப்பகலில் தூங்கித் தூங்கி விழுந்தாள். காலையில் தலைவலி என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறியது. மறுபடி டாக்டரிடம் போனோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னையும் அத்தானையும் தனியே அழைத்தார். உள்ளே இழுக்கிற ஆக்ஸிஜன் போதாதது ஒரு பிரச்சினை, வெளியே விடவேண்டிய கரியமில வாயுவை விட முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போவது அதைவிடப் பெரிய பிரச்சினை என்றார். ஆக்ஸிஜனை நாங்களாகக் கூட்டி வைக்கக்கூடாது, அது இன்னும் கெடுதல் செய்யும் என்று எச்சரித்தார். தூங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு முகமூடி கொடுத்தார். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளி, அடைந்ததை வெளியே கொண்டுவரும். ஒரு வாயுவை எந்த அழுத்தத்தில் அடைக்கவேண்டும், எங்கே திறந்துவிடவேண்டும் என்பதை வைத்துச் சோறு சாப்பிடுகிறவன் நான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் இல்லை. அத்தான்தான் என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து அவருக்கு விளங்கும்படி சொல்லவேண்டிய வேலையும் என்னுடையதாயிற்று.

அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது. முகமூடி பழகி, தெளிவு திரும்பிய ஒரு நாள் முற்பகலில் கேட்டாள். “என்னமோ காத்து உள்ளயே தங்கிடுதுன்னாரே, என்னா காத்துடா அது?” கரியமில வாயு என்றேன். “உன் மிஷின்ல ஓடுதுன்னு சொல்லுவியே, அதுவா?” அதேதான் என்றேன். கொஞ்ச நேரம் கொல்லைப் பக்கம் கேட்கிற ரீங்காரத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். “அதுக்கு நல்ல கெட்டிக் கொழாயா போட்டிருக்க. ஆயிரம் பேரு குளிச்சாலும் தாங்குது. எனக்குத்தான் கொழாய் சரியில்ல” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதைப் போல ஏதோ செய்தேன்.

அன்று மற்றவர்கள் எழுந்து போனபின் அவளிடம் கேட்டேவிட்டேன். பல மாதங்களாக நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்தது. “நான் சொன்னபடி அந்தச் சித்திரையிலேயே கொண்டாந்திருந்தா உனக்கு இவ்வளவு ஆகியிருக்காதுல்லக்கா?” இல்லையடா, விதி, அதற்கு நீ என்ன செய்வாய் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “ரெண்டு வருஷம் அந்த மேடையப் பாத்துகினே ஊதினேன்டா” என்றாள். அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு, ஜில் தண்ணிக் குழாய் ரெண்டு நாளாகச் சொட்டுகிறது, போவதற்குள் பார்த்துவிட்டுப் போ என்றாள். நான் எழுந்து போய் வாஷர் மாற்றினேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். மன்னித்துவிட்டதாக அவள் ஒருபோதும் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கடைசிவரை, நான் போகும்போதெல்லாம் எனக்குக் கறிக்குழம்பு எடுத்து வைக்கும்படி பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு தை மாதக் காலையில் போய்விட்டாள். டீ குடித்துவிட்டு, டம்ளரைப் பெரியம்மாவிடம் நீட்டியவள் அப்படியே சாய்ந்தாளாம். நான் கோயம்புத்தூரிலிருந்து போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. கொட்டகை நிறைய ஆட்கள். பாதிப் பேர் ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்கள், தூளும் கிரீஸும் அப்பிய முகத்தோடு ஓரமாக நின்றார்கள். அந்தக் கோலத்தில் அவள் முன்னால் போக யாருக்கும் துணிவு வரவில்லை. தயங்கித் தயங்கி ஒருவர் பின்பக்கம் நடந்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் போனார்கள். குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வரிசையாக வந்து அவளைப் பார்த்தார்கள்.

எடுக்கும் நேரம் நெருங்கியது. சேலைகளைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு பெண்கள் அவளைக் குளிப்பாட்டத் தயாரானார்கள். யாரோ ஒரு குடம் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பெரியம்மா அதைத் தடுத்து, “பச்சத்தண்ணி ஊத்தாதீங்கடி, அவளுக்கு மூச்சு புடிச்சிக்கும். வெந்நி புடிச்சிகினு வாங்க” என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வெந்நீரைக் குடம் குடமாகப் பிடித்து, விளாவி, அதில்தான் குளிப்பாட்டினார்கள். ஏற்கெனவே ஆட்கள் குளித்துத் தொட்டி பாதிக்கு இறங்கியிருந்தது. இப்போது இன்னும் இறங்கவே இயந்திரம் தானாகக் கிளம்பி முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. அழுகைக்கு நடுவே விசிறியின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர், “சாவு வூட்ல அது என்னாய்யா சத்தம்? நிறுத்துங்கப்பா” என்றார். நிறுத்துவதற்காக நான் ஓடினேன். சுவிட்சில் கை வைத்தபோது பின்னால் அத்தானின் குரல் கேட்டது. காலையிலிருந்து அவர் யாரோடும் பேசியிருக்கவில்லை. “ஓடட்டும்” என்றார். “ரெண்டு வருஷம் கேட்டு வாங்கினது. ஓடட்டும் வுடு.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்களும் அங்கேதான் குளித்தார்கள். அன்று பொழுது சாயும்வரை அது ஓடியபடியே இருந்தது.

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மெஸ்ஸை இப்போது பெரியம்மாவும் அத்தானும் சேர்ந்து நடத்துகிறார்கள். அத்தான் சுரங்க வேலையை விட்டுவிட்டார். வரும் ஆட்களில் பாதிப் பேர் புதியவர்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். போகும் வழியில் வேறு இரண்டு மெஸ்களிலும் ஒரு பள்ளிச் சமையல்கூடத்திலும் இறங்கி விறகடுப்பில் வேலை செய்கிற பெண்களிடம் பேசிவிட்டு வருகிறேன். ஓர் இடத்தில் இயந்திரம் வைத்தாயிற்று. மற்ற இடங்களுக்குத் தேதி சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்வதில்லை, எழுதிக் கொடுக்கிறேன். இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கவில்லை. நாளைக்கு என்கிற வார்த்தை என் வாயில் வரும்போது உள்ளே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

போன மாதம் போயிருந்தேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையைத் துவட்டியபடி வந்து பக்கத்தில் நின்றார். அரியலூர்ப் பக்கமாம், சேர்ந்து இரண்டு மாதந்தான் ஆகிறதாம். “நல்ல மிஷினுங்க. எங்க ஊர்ல எல்லாம் இப்படிப் பாத்ததில்ல” என்றவர், குரலைத் தாழ்த்தி, “இத ஒரு அக்கா வெச்சாங்களாம். அவங்க தம்பி கொண்டாந்து குடுத்தாராம். அந்த மாதிரி தம்பி யாருக்குங்க கெடைக்கும்?” என்றார். அத்தான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்கிற கதையில் அந்த இரண்டு வருடங்கள் இல்லை. எனக்கு எதிரே நின்றவர் ஜில் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். “நீங்க யாருங்க, கம்பெனி ஆளா?” என்று கேட்டார்.

“ஆமா, சர்வீஸுக்கு வந்தேன்” என்றேன்.